எம்.டி.எம்.ஏ சிகிச்சை: எனக்கு முதலே ஆராவது சொல்லியிருக்கலாம்

எம்.டி.எம்.ஏ என்பது தெருவில் எக்ஸ்டசி என்று விற்கிற போதைவஸ்து. யுத்தம் தந்த மனவடுவுக்கு அதை அவுஸ்திரேலியாவில் டொக்டர்களின் கண்காணிப்பில் மருந்தாக எடுத்தவள் நான். முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் தேடித் திரிந்த காலத்தில் ஒருவரும் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. சிகிச்சைக்கு மட்டும் 21,500 அவுஸ்திரேலிய டொலர் போனது. அதற்கு முதலே, தெரியாத்தனத்தாலும் வெட்கத்தாலும் நான் தொலைத்தது 8,400 டொலர். இதில் 2,200 ஒரு இடைத்தரகரிடம் போனது, 1,450 ஒரு கிளினிக்கின் திருப்பித் தராத பரிசோதனைக் கட்டணம், மிச்சம் 4,750 ஐந்து கிழமை வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள், கசுவல். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மெல்பேர்ணின் தென்கிழக்கில், எங்கட சனம் நிறைய இருக்கிற பக்கத்தில்தான் இருக்கிறோம். வயது 46. ஊர் இலங்கையில், வன்னியில் விசுவமடு.

2009 மாசியிலும் பங்குனியிலும், வன்னியில் கடைசி யுத்தம் நடந்தபோது, மாத்தளனில் இருந்தவர்களுக்கு "வண்டு" என்றால் என்னவென்று விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளில்லாத வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பேர் அது. மேலே இரைந்துகொண்டே நிற்கும், அது போன பிறகு ஷெல் வரும். என் தம்பியை ஒரு காலமை தண்ணீர் எடுத்துவா என்று கிணற்றடிக்கு அனுப்பியது நான். அவன் பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, கேட்டான், கொதிக்க வைக்கத் தண்ணீர் இல்லை, போய் எடுத்துவா என்று கொஞ்சம் ஏச்சோடு சொன்னேன். திரும்பி வரவில்லை. மெனிக் பாம் முகாம், பிறகு 2012 இல் படகு, கிறிஸ்மஸ் தீவு, இங்கே வந்தது, மகன் பிறந்தது என்று எல்லாம் நடந்தன. நித்திரை மட்டும் வரவில்லை. இரவு 2 மணிக்கு எழும்பி வாசல் கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்ப்பேன், திரும்பவும் பார்ப்பேன். அடுப்பில் கேத்தில் கூவினால் நெஞ்சு அடைக்கும். பிளேன்ரீ குடிப்பதை 15 வருடம் விட்டிருந்தேன்.

டொக்டரிடம் போகாமல் இல்லை. ஆனால் எங்கட பக்கத்துத் தமிழ் டொக்டரிடம் போகவில்லை. அவருடைய வெளி அறையில் பாதிப் பேர் என்னைத் தெரிந்தவர்கள். 40 நிமிடம் காரோடி, தமிழ் தெரியாத ஒரு குடும்ப மருத்துவரிடம் போனேன். அவரிடம் சொன்னது "நித்திரை இல்லை, தலையிடி, மனம் சரியில்லை" என்பது மட்டும். யுத்தம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. தற்காலிக விசாவில் இருந்த காலம். மனநோய் என்று எழுதினால் விசாவுக்கு இடைஞ்சல் வருமோ, பிள்ளையைப் பறிப்பார்களோ என்றெல்லாம் பயம். அவர் மனச்சோர்வு என்று எழுதி சேர்ட்ரலீன் குளிசை தந்தார். 50 மில்லிகிராமில் தொடங்கி 150 வரைக்கும் போனது. ஓரளவு உதவியது, பொய் சொல்லக்கூடாது. அழுகை நின்றது. கனவு நிற்கவில்லை.

இந்த இடத்தில் முதல் விஷயம். உங்கள் மருத்துவக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் எம்.டி.எம்.ஏ பி.ரி.எஸ்.டி என்ற மனவடு நோய்க்கு மட்டும், ஒருவகைக் காளானில் இருக்கிற சைலோசைபின் என்ற மருந்து, வேறு மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வுக்கு மட்டும். என் கோப்பில் ஏழு எட்டு வருடமாக யுத்தம் பற்றி ஒரு வரி இல்லை. நான் மறைத்ததை டொக்டர் எப்படி எழுதுவார்? அந்த ஒரு வரி இல்லாததால் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

2023 மாசியில் வேலைக்குப் போகும்போது கார் ரேடியோவில் கேட்டேன். மருந்துகளைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.ஏ பெப்ரவரி 3 ஆம் திகதி அறிவித்திருந்தது. ஜூலை 1 இலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இந்த இரண்டு மருந்துகளையும் எழுதலாம். இப்படி ஒரு நாடு தழுவிய அனுமதி உலகத்திலேயே முதன்முதலாக இங்கேதான் என்றார்கள். அதே மாதம்தான் எங்களைப் போன்ற தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா என்ற அறிவிப்பும் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு கதவு திறந்தது போல இருந்தது. நான் காரை ஓரமாக நிற்பாட்டிப்போட்டு அழுதேன்.

எல்லாரும் குழப்பிக்கொள்கிற ஒன்று இருக்கிறது, நானும் குழம்பினேன். அந்த மருந்து பொதுவாகச் சட்டபூர்வமானது என்று அர்த்தம் இல்லை. மனநல மருத்துவர், அதுவும் ஒரு ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதமும் டி.ஜி.ஏயின் அனுமதியும் உள்ளவர் எழுதினால் மட்டும் அது அட்டவணை 8, மோர்பின் இருக்கிற இடம். அந்த வட்டத்துக்கு வெளியே அது அட்டவணை 9, தடைசெய்யப்பட்ட பொருள். மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் விழுங்குகிற குளிசையும் இல்லை. கிளினிக்கிலேயே, ஆட்கள் பக்கத்தில் இருக்கத்தான் தருவார்கள்.

இது தெரியாத காலத்தில்தான் 2,200 டொலர் போனது. வெளிநாட்டில் ஒரு "ஆறுதல் முகாம்", ஏழு நாள், தங்குமிடம் சாப்பாடு மருந்து எல்லாம் சேர்த்து, இங்கே செய்கிறதை விடப் பாதி விலை என்று ஒருவர் போனில் கதைத்தார். மிகவும் அன்பாகக் கதைத்தார். என்னுடைய கதையைக் கேட்டு அவரும் அழுதார். முற்பணம் அனுப்பின பிறகு திகதி மாறியது, பிறகு இன்னொரு முறை மாறியது, பிறகு இலக்கம் வேலை செய்யவில்லை. பொலிசில் சொல்லவில்லை. சொன்னால் எதற்காக அனுப்பினாய் என்று கேட்பார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு யோசித்தால் காசு போனதை விட வேறொன்றுதான் நெஞ்சைக் கலக்குகிறது. என் பிரஷர் என்ன, என்ன குளிசை குடிக்கிறேன், இருதயம் எப்படி என்று அவர் ஒரு தரமும் கேட்கவில்லை. எம்.டி.எம்.ஏ பிரஷரையும் இருதயத் துடிப்பையும் ஏற்றும். அதைக் கேட்காமல் காசு கேட்கிற ஆளிடம் உயிரைக் கொடுக்க நான் தயாராக இருந்திருக்கிறேன்.

2024 தையில் இங்கேயே ஒரு கிளினிக் கண்டுபிடித்தேன். டொக்டரின் கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதியலாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. 1,450 டொலர் கட்டி, சித்திரையில் பரிசோதனைக்கு நாள் கிடைத்தது. சேர்ட்ரலீன் மாதிரியான குளிசைகள் எம்.டி.எம்.ஏயின் வேலையை மழுங்கடிக்கும், அதனால் முதலே நிறுத்த வேண்டும் என்று எங்கேயோ வாசித்தேன். வாசித்தது சரி. நான் செய்தது பிழை. ஆயத்தமாகப் போனால் அவர்களுக்குப் பிடிக்கும், நேரமும் மிச்சம் என்று நினைத்து, 150 மில்லிகிராமை 2024 மார்ச் 11 ஆம் திகதி ஒரேயடியாக விட்டேன்.

மூன்றாம் நாளே தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி. கண்ணைத் திருப்பினால் அடிக்கும். ஒரு கிழமையில் நித்திரை முழுதாகப் போனது. மகன் பாத்திரத்தைக் கீழே போட்டதற்கு அவனை அடிக்கக் கை ஓங்கினேன், அதை இப்போதும் மன்னிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டை விற்பதற்காக வீட்டுத் தரகர் ஆட்கள் மேலே ட்ரோன் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குக் கேட்டது வண்டு. 91 வயது அம்மா ஒருவரை வெயிலில் இருத்தியிருந்தேன். அவவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி, குளியலறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டி, நான் நிலத்தில் குப்புறப் படுத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ என் தலையைத் தடவிக்கொண்டு இருந்தவவாம். கதவைத் திறக்க 20 நிமிடம் எடுத்தது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றிரவு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். அங்கேதான் கணவருக்கு எல்லாம் தெரிய வந்தது: குளிசை, தரகர், கிளினிக், காசு. அவர் பண்ணையில் இரவு வேலை முடித்து அந்த உடுப்போடேயே வந்திருந்தார். நான் ஏச்சை எதிர்பார்த்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

"விசர் எண்டு சொல்லிப்போடுவன் எண்டே எனக்குச் சொல்லேல்லை?"

"ஓம். உங்கட அம்மாவுக்கும் தெரிஞ்சிடும் எண்டு பயந்தனான்."

கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் அந்த வண்டைக் கேட்டனான்தானே. எனக்கு மட்டும் நித்திரை வருகுது எண்டே நினைச்சனீ?" என்றார். பன்னிரண்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். ஏன் இரவு வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

குளிசை குடிக்கிற ஆட்கள் தயவுசெய்து கேளுங்கள். நிறுத்தவேண்டி வரலாம், ஆனால் எப்போது, எந்த வேகத்தில் என்பதை எழுதித் தந்த டொக்டரும் சிகிச்சை தரப்போகிற மனநல மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அவர்கள் உங்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்ல முதல் ஒரு மில்லிகிராமும் குறைக்க வேண்டாம். இரண்டாம் முறை எனக்கு ஏழு கிழமையில் படிப்படியாகக் குறைத்தார்கள், கிழமைக்கு ஒருதரம் போன் எடுத்துக் கேட்டார்கள். அப்போதும் கஷ்டம்தான், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரவு 2 மணிக்குக் கதவடியில் நின்றால் இவரும் எழும்பி வந்து நிற்பார்.

சித்திரையில் முதல் கிளினிக்கில் என்னை மறுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆறு மாதம் நிலையாக இருந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். காசைத் திருப்பித் தரவில்லை. மறுத்தது சரி என்று இப்போது சொல்வேன். ஆனால் பதியும்போதே போனில் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் குளிசையை விடாதே என்று சொல்லியிருக்கலாம். ஆகவே காசு கட்ட முதல் கேளுங்கள்: எந்தெந்தக் காரணத்துக்காக ஆட்களை மறுப்பீர்கள், மறுத்தால் எவ்வளவு திரும்பி வரும்? எழுத்தில் வாங்குங்கள். இருதய வருத்தம், கட்டுக்குள் வராத பிரஷர், தனக்கோ நெருங்கிய உறவிலோ சித்தப்பிரமை மாதிரியான வருத்தம் இருந்தது என்றால் சொல்லிவிடுங்கள். எங்கட குடும்பங்களில் அப்படி ஒருவர் இருந்தால் கதையே எடுப்பதில்லை, ஆனால் இந்த இடத்தில் மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

அந்த ஆறு மாதம் வீணாகப் போகவில்லை. ஆஸ்பத்திரியின் சமூக சேவையாளர்தான் பவுண்டேஷன் ஹவுஸ் பற்றிச் சொன்னார். சித்திரவதையையும் யுத்தத்தையும் தாண்டி வந்த அகதிகளுக்கு விக்டோரியாவில் இருக்கிற சேவை, 1987 இலிருந்து இயங்குகிறது. நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ், மற்ற மாநிலங்களிலும் இதே மாதிரி ஒவ்வொன்று இருக்கிறது. காசு இல்லை. 12 வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. அங்கே முதன்முறையாகத் தமிழில் ஒரு உளவளத்துணையாளரிடம் தம்பியின் பேரைச் சொன்னேன். பி.ரி.எஸ்.டி என்ற சொல் என் கோப்பில் ஏறியதும் அதற்குப் பிறகுதான்.

அதே வருடம் ஆவணியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ, எம்.டி.எம்.ஏ சிகிச்சையை ஏற்க மறுத்துவிட்டது. மருந்து கிடைத்தது யாருக்கு, போலிக் குளிசை கிடைத்தது யாருக்கு என்று பங்குபற்றினவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள், பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்று தெளிவில்லை, இன்னொரு பெரிய ஆய்வு செய்யுங்கள் என்றார்கள். எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. உளவளத்துணையாளர் ஆய்வின் கணக்கைத் தமிழில் விளங்கப்படுத்தினார். 2023 இல் வந்த அந்த ஆய்வில் 104 பேர். மருந்தும் உளச்சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 வீதம் பேருக்கு முடிவில் பி.ரி.எஸ்.டிக்கான அளவுகோல் பொருந்தவில்லை. போலிக் குளிசையும் அதே உளச்சிகிச்சையும் கிடைத்தவர்களில் 48 வீதம். இந்த இரண்டாவது எண்ணை ஒருவரும் பெரிதாகச் சொல்வதில்லை. மருந்து இல்லாமல், இரண்டு பேர் மணிக்கணக்காகப் பக்கத்தில் இருந்து காது கொடுத்துக் கேட்டதோடேயே கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். கையில் காசு இல்லை என்று மனம் உடைந்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதை முதலில் முழுதாகப் பயன்படுத்துங்கள். குடும்ப டொக்டரிடம் மனநலத் திட்டம் எழுதி வாங்கினால் வருடத்துக்கு 10 தரம் சைக்கோலஜிஸ்ட்டைப் பார்க்க, அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் உதவும். பவுண்டேஷன் ஹவுஸ் சந்திப்புகளில் நான் பாதிக்கு மேல் மீண்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் முகம் மட்டும் வரவில்லை. அந்தக் கிணற்றடிக்கு வந்ததும் எனக்கு எல்லாம் வெறுமையாகிவிடும், வாய் கட்டிவிடும். அதற்காகத்தான் திரும்பவும் முயற்சித்தேன்.

2024 கார்த்திகையில் இரண்டாவது கிளினிக். இந்த முறை கடிதங்களோடு, கணவரோடு போனேன். மருந்து நாள் என்பது கிளினிக்கில் வைத்து மருந்து தருகிற நாள். மூன்று மருந்து நாள் என்றால் 27,000, இரண்டு என்றால் 21,500. விலையைக் கேட்டு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏன் இவ்வளவு என்று கேட்டேன், பதில் நேர்மையாக வந்தது. மருந்தின் விலை அதில் சின்னப் பங்கு. ஒரு மருந்து நாளுக்கு இரண்டு பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் எட்டு மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் பல சந்திப்புகள், மனநல மருத்துவர், ஈ.சி.ஜி, இரத்தப் பரிசோதனை. மருந்து நாளுக்கென்று மெடிகெயாரில் காசு பெறுகிற இலக்கம் ஒன்றும் இல்லை.

காசை ஓய்வூதிய நிதியிலிருந்து, அதாவது சூப்பரிலிருந்து எடுத்தேன். இரக்க அடிப்படையில் முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும், அதில் ஒருவர் அந்தத் துறையின் நிபுணர். விண்ணப்பம் வரித் திணைக்களத்துக்கு, மைகவ் என்ற அரசின் இணையக் கணக்கு வழியாகப் போகும். அதற்குக் கட்டணம் இல்லை. எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்கிற ஆட்களிடம் போகாதீர்கள். நான் எதிர்பார்க்காதது வரி. 21,800 எடுத்தேன், கையில் வந்தது 17,000 சொச்சம். மிச்சம் 4,500 க்குச் சீட்டை முதலிலேயே கழிவில் எடுத்தோம். கிழவியான காலத்துக்கு வைத்த காசு இது என்பது தெரிந்துதான் செய்தேன். எல்லாருக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். முன்னாள் படைவீரர்களுக்குத் தனித்தனி விண்ணப்பம் பார்த்து அரசின் படைவீரர் திணைக்களம் இந்தச் செலவைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. நல்ல விஷயம், அவர்களும் வலியோடுதான் வாழ்கிறார்கள். ஷெல்லுக்குள் இருந்து வந்த அகதிக்கும் அதே கதவு திறக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை?

அடுத்தது மொழி. முதல் சந்திப்பில் நான் ஆங்கிலத்தில் கதைத்தேன், வேலைக்குக் காணும் ஆங்கிலம். ஆனால் என் தம்பி எனக்குள் தமிழில்தான் கதைக்கிறான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டபோது, மொழிபெயர்ப்புச் செலவு விலையில் சேரவில்லை, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. வருகிற மொழிபெயர்ப்பாளர் எங்கட கோயிலுக்கு வருகிற ஆளாக இருந்தால்? இதற்கு வழி இருக்கிறது. அரசின் ரிஸ் மொழிபெயர்ப்புச் சேவை, 131 450, போனிலும் கிடைக்கும். பெண் வேண்டும், வேறு மாநிலத்தில் இருப்பவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆயத்தச் சந்திப்புகளில் அப்படி ஒரு அம்மா போனில் இருந்தார், அவருக்கு என் முகம் தெரியாது. மருந்து நாளில் எட்டு மணி நேரம் இன்னொரு ஆள் வேண்டாம், நான் தமிழில் கதைப்பேன், உங்களுக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை, பதிவு செய்யுங்கள் என்று ஒத்துக்கொண்டோம். சிலசில சொற்களை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்: தண்ணி, பயமா இருக்கு, கை, வேண்டாம், தம்பி.

"கை" என்று எழுதிய காரணத்தையும் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. அந்த மருந்தின் கீழ் மனம் திறந்துவிடும், எதிரில் இருப்பவர் மேல் நம்பிக்கை கூடிவிடும். கனடாவில் நடந்த ஒரு ஆய்வில் சிகிச்சையாளர்களே பங்குபற்றிய பெண்ணிடம் எல்லை மீறி நடந்தது வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. ஆகவே யார் அறையில் இருப்பார்கள், தொடலாமா, எங்கே தொடலாம் என்பதை முதலே எழுதிக் கையெழுத்து வையுங்கள். நான் எழுதியது, கையை மட்டும் பிடிக்கலாம், அதுவும் நான் கேட்டால். அன்றைக்கு மனம் மாறினாலும் எழுதினதுக்கு மேல் போகக்கூடாது. இருவரில் ஒருவராவது பெண் வேண்டும் என்றும் கேட்டேன். போட்ட பாட்டுகளில் மேளம் இருந்தது, அதையும் எடுக்கச் சொன்னேன். மேளம் எனக்கு ஷெல் மாதிரி.

முதல் மருந்து நாள் 2025 சித்திரையில். மாயக்காட்சி, நிறங்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கண்ணைக் கட்டிப் படுத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் தாடை இறுகியது, உடம்பு சுட்டது, பயம் வந்தது, பிறகு அந்தப் பயம் தூரத்துக்குப் போய் நின்றது. கிணற்றடிக்குப் போனேன். 16 வருடமாக வெறுமையாகிற அந்த இடத்தில் இந்த முறை அவன் நின்றான். கையில் நீலக் கான். முகம் தெரிந்தது, மேலுதட்டில் அரும்பு மீசை. அவன் கோபமாக இல்லை. நான் எப்போதும் நினைத்தது, போகும்போது என்னோடு கோபித்துக்கொண்டு போனான் என்று. அவன் போகும்போது சிரித்தவன். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஏச்சு மட்டும் ஞாபகம் இருந்தது. நாலு மணி நேரம் அவனோடு கதைத்திருக்கிறேன் என்று பதிவில் இருக்கிறது. எனக்கு மகன் பிறந்தது, மகனுக்குத் தம்பி பேரின் முதல் எழுத்தை வைத்தது எல்லாம் சொல்லியிருக்கிறேன். சிகிச்சையாளர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, இருவரும் அழுதார்களாம். பின்னேரம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பிளேன்ரீ என்றேன். சீனி போட்டு.

எல்லாம் அதோடு சரி என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் அடி மண்ணுக்குள் போன மாதிரி ஒரு சோர்வு, அது மூன்று நாள் நின்றது. கிளினிக்கில் சொல்லித்தான் விட்டார்கள், ஆனால் அனுபவிக்கும்போது பயம்தான். மருந்து நாளுக்குப் பின் ஒரு கிழமையாவது வேலைக்கு லீவு போடுங்கள், சமையலுக்கு ஆள் பாருங்கள். இரண்டாம் மருந்து நாள் முதலாவதை விடக் கடுமையாக இருந்தது, முகாமில் நடந்தவை வந்தன, அவற்றை இங்கே எழுதமாட்டேன். பதிவை உளவளத்துணையாளரோடு இருந்து துண்டு துண்டாகக் கேட்டு, எது என்ன என்று விளங்கிக்கொள்ளும் வேலைதான் உண்மையான சிகிச்சை. நோயை அளக்கும் கேள்விக்கொத்தில் 80 க்கு 58 இருந்தது, போன முறை 29. நித்திரை ஐந்து மணி நேரம் வருகிறது. புதுவருட வாணவேடிக்கைக்கு இன்னும் காது பொத்துகிறேன்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. விக்டோரியாவில் பொலிஸ் ரோட்டில் மறித்து எச்சில் எடுத்துப் பார்க்கிற பரிசோதனையில் எம்.டி.எம்.ஏயும் இருக்கிறது. டொக்டரின் கடிதம் காட்டினால் காணும் என்று நினைக்கக் கூடாது. நான் ஒரு கிழமை ஓட்டவில்லை. போர்க்லிப்ட் ஓட்டுகிற, சுரங்கத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கு வேலையிடத்திலேயே பரிசோதனை இருக்கும், அவர்கள் முதலே கிளினிக்கோடு கதைத்துத் திகதி வைக்க வேண்டும்.

மச்சாளுக்குத் தெரிந்தபோது, "என்ன, போதைவஸ்து குடிக்கப் போனனீயாம்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டா. முந்தின நானாக இருந்தால் ஒளித்திருப்பேன். நான் வேலை செய்கிற இல்லத்தில் பூட்டின அலுமாரி ஒன்று இருக்கிறது, மோர்பின் வைக்கிற இடம். திறக்க இரண்டு பேர் வேண்டும், ஒவ்வொரு துளிக்கும் புத்தகத்தில் கையெழுத்து. "மச்சாள், மாமா புற்றுநோயில கிடக்கேக்க மோர்பின் குடுத்தவங்கள், அவரைப் போதைக்காரன் எண்டு சொன்னனீங்களே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா. இரண்டு கிழமையால போன் எடுத்து, தன் மூத்த மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, எந்த டொக்டரிடம் கதைப்பது என்று கேட்டா.

கட்டுப்பாடு கூடிவிட்டது, எல்லாருக்கும் திறந்து விடுங்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பூட்டு, அந்த இரண்டு பேர், அந்த ஈ.சி.ஜி, என்னை ஆறு மாதம் காத்திருக்கச் சொன்ன அந்த மறுப்பு, இவைதான் என்னைக் காப்பாற்றின. பூட்டு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று அந்தத் தரகரிடம் பார்த்துவிட்டேன். ஆனால் சூப்பரில் காசு இருக்கிற, ஆங்கிலம் தெரிகிற, நாலு கடிதம் வாங்கத் தெரிகிற ஆளுக்கு மட்டும் எட்டுகிற மருந்து எங்கட சனத்துக்கு மருந்தே இல்லை. பவுண்டேஷன் ஹவுஸ் மாதிரி இடங்களில், அந்த மொழி தெரிந்த சிகிச்சையாளர்களோடு, மெடிகெயார் இலக்கத்தோடு இது வர வேண்டும். எங்கட பிரதேச பாராளுமன்ற உறுப்பினருக்கு இதைக் கடிதமாக எழுதியிருக்கிறேன். பேர் போட்டுத்தான்.

இவர் போன மாதம் இரவு வேலையை விட்டார். இப்போது இரவு 2 மணிக்கு அவர்தான் கதவடியில் நிற்கிறார், நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு முதல் சந்திப்பு. காரெடுத்து 40 நிமிடம் போகவில்லை. எங்கட பக்கத்துத் தமிழ் டொக்டரிடம்தான், பின்னேரம் 4 மணிக்கு, வெளி அறை நிறைய ஆட்கள் இருக்கிற நேரம்.